வெயிலில் வெளுத்த வண்டி: ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் ரோஸ். பாலிஷா, பெயிண்டா?

காட்பாடி ரயிலடி | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2014 மாடல், 125 சிசி, சிவப்பு. ஆறு வருடமாக விடியற்காலையில் காட்பாடி ஸ்டேஷன் பக்கம் நிறுத்திவிட்டு ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போகிறேன், ராத்திரிதான் திரும்புகிறேன். நிறுத்தும் இடத்துக்குக் கூரை கிடையாது. எனக்கென்று ஒரு கம்பம், ஒரு மூலை. வண்டி எப்போதும் ஒரே திசை பார்த்துத்தான் நிற்கும். இடப்பக்கத்துக்கு மேற்கு வெயில் முழுசாக விழும்.

இப்போது வலப்பக்க சைடு பேனல் சிவப்பாக இருக்கிறது, இடப்பக்கம் பஞ்சுமிட்டாய் ரோஸ். போன வாரம் வீட்டுக்கு வந்த மச்சான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா, ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டினீங்களா?" என்று கேட்டான். சிரித்தேன். ஆனால் அன்றைக்குத்தான் வண்டியை நின்று பார்த்தேன்.

டேங்க் மேலே மங்கிப்போய், கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. பின் மட்கார்ட், கண்ணாடிக் கூடு எல்லாம் கறுப்பு போய் நரைத்துவிட்டன. ஹெட்லைட் பழுப்பேறிவிட்டது. இஞ்சினிலிருந்து வளைந்து வரும் குழாயான சைலன்சர் பெண்டில் ஒரு சாண் நீளத்துக்கு நீலம், அதற்குக் கீழே துருப் புள்ளிகள்.

மட்கார்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டு நாள் ஜம்மென்று இருந்தது. மூன்றாம் நாள் பாலாற்றுப் பாலத்துப் புழுதி முழுக்க என் மட்கார்டில்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பாலிஷ் போதுமா, இல்லை மொத்தமாகப் பெயிண்ட்தானா?

சத்துவாச்சாரி ஸ்கூட்டர் | ஞாயிறு, இரவு 9.25

வித்துட்டுப் புதுசு வாங்குங்க சார்.

காட்பாடி ரயிலடி | ஞாயிறு, இரவு 9.31

இஞ்சின் இன்னும் லிட்டருக்கு 55 கொடுக்கிறது. நீங்கள் வாங்கிக் கொடுத்தால் விற்கிறேன்.

பட்டறை ராணிப்பேட்டை | ஞாயிறு, இரவு 10.48

தம்பி, இருபத்திரண்டு வருடமாக இரண்டு சக்கர வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். நீங்கள் சொன்னதில் நாலு தனித்தனி நோய் இருக்கிறது. ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் போட்டால் ஒன்று சரியாகும், மூன்று கெடும். இப்போதைக்குப் பெயிண்டை மட்டும் பேசுகிறேன்.

பெயிண்ட் வெளுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேல்தோல் மட்டும் வெயிலில் உளுத்துப் பொடியாகி நிற்பது. அதைத் தேய்த்து எடுத்தால் அடியில் நல்ல நிறம் இருக்கும். இன்னொன்று, நிறமே உள்ளுக்குள் செத்துப்போவது. அதற்குப் பாலிஷ் போட்டால் பளபளப்பான ரோஸ் கிடைக்கும், அவ்வளவுதான்.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி. வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். பழைய வெள்ளை பனியன் துணியை விரலில் சுற்றி, மொச்சைக்கொட்டை அளவு ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) தொட்டு, டேங்கில் சீட்டை ஒட்டிய ஓரத்தில் இருபது தடவை வட்டமாகத் தேயுங்கள். துணியில் சிவப்பு இறங்கினால் அந்த பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு கிடையாது, நீங்கள் நேரடியாக நிறத்தையே தேய்க்கிறீர்கள். சுண்ணாம்பு ஒட்டுகிறது என்று சொன்னீர்களே, பெரும்பாலும் இதுதான். அப்படியானால் டேங்க் பிழைத்துவிடும்.

இடப்பக்க பேனலிலும் அதையே செய்யுங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே கிளியர் இருக்கிறது, நிறம் அதற்கு அடியில் வெளுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பேனலைக் கழற்றி, சீட்டுக்குள் மறையும் விளிம்பைப் பாருங்கள். வெயில் படாத அந்த விரல் அகல இடத்தில் பழைய நிறம் இருக்கும்.

இன்னொரு கேள்வி. உண்மையைச் சொல்லுங்கள். இடப்பக்கம் எப்போதாவது விழுந்து பெயிண்ட் அடித்திருக்கிறீர்களா?

குடியாத்தம் கைலி | திங்கள், காலை 6.15

பட்டறை அண்ணன் கேட்ட கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் தறி உண்டு, அப்பா காலத்தில் நூலுக்குச் சாயமும் போட்டோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சிவப்பு ஏன் முதலில் போகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு பொருள் சிவப்பாகத் தெரிவதே அது நீலம், பச்சை வெளிச்சத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புவதால்தான். சக்தி அதிகம் உள்ள வெளிச்சத்தை அது தினமும் விழுங்குகிறது. அதோடு புற ஊதாக் கதிரும் சேரும்போது நிறம் தரும் மூலக்கூறு உடைகிறது. கைலியை வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு உலர்த்தச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் எல்லாச் சிவப்பும் போகாது. கோயில் மதிலில் அடிக்கும் காவிப் பட்டையைப் பாருங்கள், சுண்ணாம்பு உதிரும், காவி வெளுக்காது. அது இரும்புத் துருவின் நிறம், ஏற்கெனவே துருப்பிடித்ததை வெயில் இன்னும் என்ன செய்யும்? வண்டிக்கு வேண்டிய பளீர் சிவப்பு அதில் கிடைக்காது, கரிமச் சாயத்தில்தான் கிடைக்கும். அதில் தரம் ஏராளம். நல்ல சாயம் பத்து வருடம் நிற்கும், மட்டமானது இரண்டு கோடையில் ரோஸ்.

காட்பாடி ரயிலடி | திங்கள், இரவு 10.20

அண்ணா, கண்டுபிடித்துவிட்டீர்கள். 2019ல் மழையில் விருதம்பட்டு பக்கம் சறுக்கி விழுந்தேன். இடப்பக்கம் முழுக்கக் கீறல். ஒரு பட்டறையில் முந்நூறு ரூபாய்க்கு அடித்துக் கொடுத்தார்கள். மறந்தே போயிருந்தேன். மேற்கு வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சோதனையும் செய்தேன். டேங்கில் துணி செக்கச்செவேல் என்று ஆனது, தேய்த்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புது வண்டி தெரிகிறது. பேனலில் துணி வெள்ளைதான். கழற்றிப் பார்த்தால் உள் விளிம்பு மாதுளம் முத்து மாதிரி இருக்கிறது, அரை அங்குலம் தள்ளி ரோஸ். நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை.

வீட்டில் காட்டினேன். "இதுக்கா ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடிச்சிங்க?" என்று கேள்வி.

பட்டறை ராணிப்பேட்டை | திங்கள், இரவு 11.05

அந்தப் பட்டறைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். முந்நூறு ரூபாய்க்கு முந்நூறு ரூபாய்ச் சாயம்தான் வரும்.

டேங்கை நீங்களே செய்யலாம். நிழலில் வைத்து, உலோகம் குளிர்ந்த பிறகு செய்யுங்கள். வேலூர் வெயிலில் நின்ற டேங்கில் காம்பவுண்ட் போட்டால் போட்டவுடன் காய்ந்து அப்பிக்கொள்ளும். ஒரு சாண் ஒரு சாணாகப் பிரித்துக்கொண்டு தேயுங்கள். விளிம்பிலும் மடிப்பிலும் பெயிண்ட் மெல்லிசாகத்தான் உட்கார்ந்திருக்கும், அங்கே கையை லேசாக வையுங்கள். முடித்ததும் மெழுகு பாலிஷ் ஒரு கை. அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டால் சீக்கிரம் திரும்ப உளுக்காது.

பேனலுக்குப் பாலிஷ் வேண்டாம். கம்பெனிப் புதுப் பேனல் வாங்கினாலும் பத்து வருட வண்டிக்குப் பக்கத்தில் அது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும். பழைய சாமான் கடையில் அதே வருட மாடல், நிழலில் நின்ற வண்டியின் பேனலாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள், வலப்பக்கப் பேனலையும் கொண்டுவந்தால் அதைப் பார்த்துக் கலந்து அடித்துத் தருகிறேன்.

காட்பாடி ரயிலடி | திங்கள், இரவு 11.12

ஒரு யோசனை. மொத்தமாகக் கறுப்பு அடித்துவிட்டால்? ஸ்ப்ரே டப்பா நாலு வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியிலேயே முடித்துவிடலாம் போல.

பட்டறை ராணிப்பேட்டை | திங்கள், இரவு 11.30

வேண்டாம் தம்பி. உங்கள் ஆர்.சி.யில் நிறம் சிவப்பு என்று இருக்கும். மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அது பரவாயில்லை, ஒரு நாள் அலைச்சல்.

பெரிய சிக்கல் பெட்ரோல். கடையில் வாங்கும் சாதாரண டப்பா பெயிண்ட் காய்ந்த பிறகும் பெட்ரோலில் கரையும். பங்கில் மூடியைச் சுற்றி நாலு சொட்டுச் சிந்தினால் போதும், அந்த இடம் இளகி, சுருங்கி, துடைக்கும் துணியோடு வந்துவிடும். டேங்குக்கு ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர்தான் நிற்கும். அந்த ஹார்ட்னர் மூச்சுக்குள் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை இல்லை அது. அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும்.

மொட்டை மாடி என்றீர்கள். சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு ஸ்ப்ரே கன்னைத் தூக்கினால் பெயிண்ட் வண்டியில் படுவதற்குள் பாதி காய்ந்து மணல் மாதிரி விழும். நாங்களே விடியற்காலையில்தான் அடிக்கிறோம். ஐப்பசி மழையில் அடித்தால் ஈரம் ஏறி வெள்ளையாகப் பூக்கும். பெயிண்ட் பட்டறைக்காரன் பஞ்சாங்கம் பார்ப்பவன்.

பாகாயம் பெருசு | செவ்வாய், காலை 8.40

இதுவரை யாரும் கறுப்பு பிளாஸ்டிக்கைத் தொடவில்லை. ரிட்டயர்டு ஆள், நேரம் இருக்கிறது, நான் சொல்கிறேன்.

நரைத்த மட்கார்டின் மேல் ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை கறுப்பாக இருக்கும், காய்ந்ததும் சாம்பல் நிறம் திரும்பும். பள்ளிக்கூடத்துச் சிலேட்டும் இப்படித்தான். கறுப்பு எங்கும் போகவில்லை. வெயில் பிளாஸ்டிக்கின் மேல்தோலை அரித்து நுண்ணிய வெடிப்பும் மேடு பள்ளமும் ஆக்கிவிட்டது. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீரோ எண்ணெயோ பள்ளத்தை நிரப்பினால் சிதறல் குறைந்து கறுப்பு தெரியும். உங்கள் தேங்காய் எண்ணெய் செய்தது அவ்வளவுதான்.

எண்ணெயை விட மோசம் வாட்டர் சர்வீஸில் அடிக்கும் டீசல். "பெருசு, டீசல் அடிச்சுத் தரட்டுமா, வண்டி கண்ணாடியா இருக்கும்" என்று கேட்பார்கள். நானும் பல வருடம் தலையாட்டினேன். பிளாஸ்டிக் பளபளக்கும், ஆனால் ரப்பருக்கு அது எமன். என் வண்டியில் கால் வைக்கும் ரப்பர் ஊதிப் பெருத்து, பிசுபிசுத்து, செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

நான் செய்வது இது. சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் வைத்து அந்தச் சொரசொரப்புக்குள் இருக்கும் பழைய எண்ணெய், அழுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நன்றாகக் காய வேண்டும். பிறகு பிளாஸ்டிக் டிரிம் ரெஸ்டோரர் என்று கேட்டு வாங்கிப் பூச வேண்டும். அதிலும் வெறும் சிலிகான் எண்ணெய் என்றால் ஒரு மழைக்குப் போய்விடும். காய்ந்து தோலாகப் படியும் வகை சில மாதம் தாங்கும். சூடான காற்று ஊதும் ஹீட் கன் காட்டிக் கறுப்பாக்கும் வித்தையும் உண்டு. நான் ஒரு கண்ணாடிக் கூட்டில் செய்து பார்த்தேன். கறுப்பாகத்தான் ஆனது, கூடவே கொழுக்கட்டை மாதிரி வளைந்தும் போனது.

ஆம்பூர் ஷூ | செவ்வாய், மதியம் 1.20

பெருசு சொல்வது சரி, ஆனால் அவசரத்துக்குக் கறுப்பு ஷூ பாலிஷ் நல்லது. மெழுகும் கறுப்பு நிறமியும் சேர்ந்தே இருக்கிறது. கல்யாணத்துக்கு வண்டி எடுக்கிறவர்களுக்கு ஒரு நாள் கூத்து போதும். பேன்ட்டில் ஒட்டும் இடத்தில் மட்டும் போடாதீர்கள், அனுபவம்.

இன்னொன்று. டேங்குக்குப் பாலிஷ் போடும்போது பக்கத்துக் கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டு வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துவிடும், துடைத்தால் போகாது. பையனின் பென்சில் ரப்பரை எடுத்துத் தேயுங்கள், உருண்டு வந்துவிடும். முன்னாலேயே அந்த ஓரங்களில் டேப் ஒட்டிக்கொண்டால் இந்த வேலையே இல்லை.

ஹாஸ்டல் 3வது மாடி | செவ்வாய், இரவு 11.58

அண்ணா, நான் வி.ஐ.டி.யில் படிக்கிறேன். என்னுடையது மேட் கறுப்பு. டேங்க் மங்கலாக இருக்கிறதென்று நேற்று மெழுகு பாலிஷ் போட்டேன். இப்போது நடுவில் மட்டும் வழுக்கை விழுந்த மாதிரி மின்னுகிறது. என்ன செய்வது?

பட்டறை ராணிப்பேட்டை | புதன், காலை 7.02

மேட் பெயிண்ட் மங்கலாகத்தான் தம்பி இருக்கும், அதற்குத்தான் கூடக் காசு கொடுத்தீர்கள். மெழுகு மட்டும் போட்டிருந்தால் தப்பித்தீர்கள், மெழுகு நீக்கும் திரவத்தை மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு மெதுவாகத் துடைத்து, ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்திருந்தால் மேட்டின் சொரசொரப்பே சமமாகிவிட்டிருக்கும், திரும்ப வராது. எது போட்டீர்கள் என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஹாஸ்டல் 3வது மாடி | புதன், காலை 9.45

மெழுகுதான். ரூம் மேட்டின் டப்பா. பிழைத்தேன்.

பாகாயம் பெருசு | புதன், காலை 10.15

ரயிலடித் தம்பிக்கு சைலன்சர் பாக்கி இருக்கிறது. நீலம் என்பது அழுக்கு இல்லை. உலோகம் சூடேறும்போது மேலே மெல்லிய ஆக்சைடு படலம் கட்டும். படலத்தின் கனத்தைப் பொறுத்து முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, நீலம். கொல்லன் உளியைத் தோய்க்கும்போது இந்த நிறத்தைப் பார்த்துத்தான் பதம் சொல்வான். உலோக பாலிஷ் போட்டால் போகும், ஆனால் சூடு குறையாவிட்டால் பத்து நாளில் அதே நீலம்.

அதனால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது, இஞ்சின் கூடுதலாகக் காய்கிறது. என் புல்லட்டில் நானே ஏர் ஃபில்டரைத் திறந்து விட்டுப் பீற்றிக்கொண்டிருந்தேன், பெண்ட் மயில் கழுத்து மாதிரி ஆனது. பெண்ட் இஞ்சினில் சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட் என்று சத்தம் கேட்டால் அதுவாக இருக்கலாம்.

துருப் புள்ளிக்கு இரும்புப் பிரஷ் வேண்டாம். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். குரோமை விட அலுமினியம் மிருது, கீறாது, துருவை மட்டும் அள்ளிக்கொண்டு வரும். கறுப்பாக ஒரு சேறு வரும், அதைத் துடைத்துவிடுங்கள்.

பட்டறை ராணிப்பேட்டை | புதன், மதியம் 2.30

பெருசு சொன்னதோடு ஒரு வார்த்தை. குரோமுக்கு அடியில் இருக்கும் இரும்புதான் ஊசித் துளை வழியாகத் துருப்பிடிக்கிறது. முலாம் உரிந்து வந்தால் தேய்ப்பதில் பயனில்லை. திரும்ப முலாம் போடலாம், ஆனால் ராணிப்பேட்டைக்காரனுக்குக் குரோமியம் என்றாலே அதன் கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். சூடு தாங்கும் கறுப்பு பெயிண்ட் அடித்துக்கொள்வதே மேல்.

ஹெட்லைட் பற்றியும் யாரும் சொல்லவில்லை. அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். மேலே கம்பெனி போட்ட பாதுகாப்புப் பூச்சு வெயிலில் போனதால்தான் பழுப்பு. வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 1000 நம்பர், அப்புறம் 2000, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்து, காம்பவுண்ட் போட்டால் கண்ணாடியாகும். அதோடு விட்டுவிட்டால் சில மாதத்தில் முன்பை விடப் பழுப்பாகும், பூச்சையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள் அல்லவா? மேலே புற ஊதா தாங்கும் கிளியர் அடித்தே ஆக வேண்டும். டூத் பேஸ்ட் வைத்தியமும் இதே கதைதான், மணம் மட்டும் கூடுதல்.

காட்பாடி ரயிலடி | ஞாயிறு, மாலை 6.40 (மூன்று வாரம் கழித்து)

அறிக்கை கொடுக்க வந்தேன்.

டேங்குக்கு மூன்று மணி நேரம். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. நாலு பனியன் போச்சு. ஆனால் மூடியைச் சுற்றி இப்போது முகம் தெரிகிறது. பட்டறை அண்ணன் சொல்லியும் கேட்காமல், முழங்கால் படும் மடிப்பில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தேன். திடீரென்று துணியில் சிவப்புக்குப் பதில் சாம்பல் நிறம். எடுத்துப் பார்த்தால் அரிசி நீளத்துக்கு அடிப்பூச்சான பிரைமர் இளிக்கிறது. மனைவியின் நெயில் பாலிஷில் நெருக்கமான சிவப்பு ஒன்று இருந்தது. தொட்டு வைத்திருக்கிறேன். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டே யாரையும் விடுவதில்லை.

மட்கார்ட் கழுவிய தண்ணீர் காபி டிக்காஷன் மாதிரி வந்தது. எல்லாம் என் தேங்காய் எண்ணெய். ரெஸ்டோரர் போட்டு இரண்டு வாரம், இன்னும் கறுப்பு. பிளக் வெள்ளையாகத்தான் இருந்தது, மெக்கானிக் கார்புரேட்டர் சரி செய்தார், பட்பட் சத்தமும் நின்றது. நீலத்தை எடுத்தேன், இதுவரை திரும்பவில்லை. ஹெட்லைட்டைத் தொடவில்லை, தைரியம் இல்லை, பட்டறைக்கே வருகிறேன் அண்ணா.

பேனல் ஆற்காட்டில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது, இருநூற்றைம்பது. வலப்பக்கத்தோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறது. இப்போது இடப்பக்கம் ஒரு நாள் கிழக்கு, ஒரு நாள் மேற்கு பார்க்கும்படி திருப்பித் திருப்பி நிறுத்துகிறேன். பார்க்கிங் பெரியவர், "ஏம்பா, வாஸ்து சரியில்லையா?" என்கிறார்.

பட்டறை ராணிப்பேட்டை | ஞாயிறு, இரவு 8.15

நெயில் பாலிஷ் பெட்ரோலுக்கு நிற்குமா என்பது சந்தேகம். மடிப்பில்தானே, தப்பிக்கும். ஹெட்லைட்டோடு வரும்போது அதையும் தொட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

திருப்பத்தூர் டபுள்ஸ் | ஞாயிறு, இரவு 9.02

ரயிலடி சார், அந்த ரோஸ் பேனலைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? என்னுடையதும் அதே மாடல், அதே சிவப்பு. பன்னிரண்டு வருடமாக வாசலில் நின்று வண்டி முழுசும் ஒரே சீராக ரோஸ் ஆகிவிட்டது, பார்ப்பவர்கள் கம்பெனி நிறம் என்றே நினைக்கிறார்கள். போன மாதம் இடப்பக்கப் பேனல் உடைந்தது. எங்கே தேடினாலும் சிவப்புதான் கிடைக்கிறது.

காட்பாடி ரயிலடி | ஞாயிறு, இரவு 9.06

பரண்மேல் இருக்கிறது. நாளைக் காலை ஏலகிரியில் ஏறும் ஆள் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், ராத்திரி திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன்.